காரணம்: பிற

படிவத்தில் ஐந்து கட்டங்கள்.
மின்னல். மின்கசிவு. சிகரெட்.
வேண்டுமென்றே வைத்தது. பிற.
பதினோரு வருடத்தில் 'பிற'வை நான் தொட்டது
இரண்டே முறை.
இரண்டு முறையும் மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார்.

மார்ச் கடைசி. நிடர்டேல் மேட்டில்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போகப் பார்க்கிறது காற்று.
சாலைக்கு மேற்கே எஸ்டேட் நிலம்.
ஹீதர் புதரை முறைப்படி எரித்திருக்கிறார்கள்.
கௌதாரிக்கு இளந்தளிர் வேண்டுமாம்,
ஆகஸ்டில் சுடுவதற்குக் கௌதாரி வேண்டுமாம்.
கிழக்கே பிரையனி மெட்கால்ஃபின் வைக்கோல் கொட்டகை.
கொட்டகை இருந்த இடம் என்று எழுத வேண்டும்.
இடையில் ஆறு மீட்டர் தார், ஒரு கல்வேலி, குளிர்ந்த ஓர் ஓடை.

அன்று காற்று கிழக்கிலிருந்து.
வானிலை நிலையத்தின் தாள் என் பையில் இருக்கிறது.
எதிர்க்காற்றில் நெருப்பு நடக்காது.

"நடக்கவில்லை," என்றாள் பிரையனி.
"தூக்கிக்கொண்டு வந்தது."
ஒரு கையை அகல விரித்தாள்.
மறு கையின் இரு விரல்களைப் பிரித்து
அதற்கு வால் வைத்தாள்.

காலில் ஒரு குச்சி. நுனியில் புகை.
சாலையைத் தாண்டிக் கோரைப்புல்லில் போட்டுவிட்டு
வேலிக் கம்பத்தில் உட்கார்ந்தது.
"அவசரமே இல்லை அதற்கு. பேருந்துக்கு நிற்பவளைப் போல."
புல் பற்றியது. வயலெலிகள் வெளியே வந்தன.
மூன்றை எடுத்தது.
நான்காவதற்குள் என் கூரை.

நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன்:
எஸ்டேட் நெருப்பிலிருந்து பொறி பறந்தது என்றால்
முழுத் தொகையும் கிடைக்கும்.
"பொறி பறக்கவில்லையே," என்றாள்,
கரியான கதவுக்கீலைக் காலால் புரட்டியபடி.

எஸ்டேட் காவலன் டெஸ்மண்ட் சிரித்தான்.
"ஆஸ்திரேலியாவில் அப்படிச் சொல்வார்கள். இது யார்க்‌ஷர்.
அவளே வைத்திருப்பாள்."
பிறகு சிரிப்பு நின்றது.
தொப்பியைக் கழற்றினான், போட்டுக்கொண்டான்.
"பருந்து என்று எழுத்தில் சொல்கிறாளா?
அப்படியானால் எழுதுங்கள்.
அந்தத் தாளின் நகல் எனக்கு ஒன்று வேண்டும்."
அவன் வண்டியில், நாயின் போர்வைக்கு அடியில்
நீளமாக ஏதோ படுத்திருந்தது.

என் மொழி இந்தப் பறவையின் பங்காளி ஒன்றுக்கு
எந்த விசாரணையும் இல்லாமல்
கள்ளப்பருந்து என்று பெயர் எழுதி வைத்திருக்கிறது.
இதுவரை அதை நான் கேள்வி கேட்டதில்லை.

ஓடைக்கு அப்பால் லார்ச் மரத்தில் கூடு.
அடியில் உதிர்ந்து கிடந்தவை:
ஒரு குழந்தையின் காலுறை, நீலக் கயிறு,
கோல்ஃப் கையுறை, எச்சம்,
விரல் நீள ஹீதர் குச்சி, ஒரு முனை கருகியது.
இது எதையும் நிரூபிக்காது.
எரிந்த மேட்டில் எரிந்த குச்சிக்கா பஞ்சம்?
இருந்தும் படம் எடுக்காமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது கருகிய புல்லில் நடந்தேன்.
பூட்ஸ் சத்தத்துக்குச் சாம்பலிலிருந்து
சாம்பல் நிறத்தில் ஒன்று ஓடியது,
ஓடிக்கொண்டே இருந்தது,
பிறகு தரையில் இல்லை.
தலைக்கு மேல் ஒரு காற்று போனது. அவ்வளவுதான்.
கம்பத்தைத் திரும்பிப் பார்த்தேன். காலி.
நான் காரை நிறுத்தியதிலிருந்தே
அது அங்கே உட்கார்ந்திருந்தது.

வண்டிக்குள் இருந்து ஐந்தாம் கட்டத்தில் குறியிட்டேன்.
கீழே 'விவரம்' என்று மூன்று கோடுகள்.
பிரையனிக்குப் பாதித் தொகை வரலாம், வராமலும் போகலாம்.
டெஸ்மண்டுக்கு நகல் வரும்.
திங்கட்கிழமை மேலாளரின் அழைப்பு வரும்.

முதல் கோட்டில் காற்றின் திசையை எழுதினேன்.
வேகத்தையும் எழுதினேன், தசமப் புள்ளியோடு.
சட்டைப்பையிலிருந்து புகை வாசனை.
மற்ற இரண்டு கோடுகளின் மேல்
பேனாவை மூடி வைத்தேன்.